ஆர்டிஸ் வழிமொழியாத மாலை

ஆர்டிஸ் டோர்கெல்சனுக்கு ப்ளம் கிராசிங் ஊரில் எதிரி என்று ஒருவரும் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லலாமா என்பது வேறு விஷயம். எதிரி உண்டாக வேண்டுமென்றால் எங்கேயாவது ஓரிடத்தில் "எனக்கு இது வேணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆர்டிஸ் அறுபது வயதைத் தாண்டியும் அந்த வாக்கியத்தைத் தொடாமலே காலம் தள்ளியிருந்தாள்.

மெயின் தெரு இரும்புச் சாமான் கடையில் பெயின்ட் கலந்து கொடுப்பது அவள் வேலை. இரண்டு வெள்ளை நிற அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, "எது நல்லாருக்கும், ஆர்டிஸ்?" என்று வந்து நிற்பார்கள்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

அவர்களே யோசித்து ஒன்றைத் தொட்டுக் காட்டியதும், "அதைத்தான் நானும் நினைச்சேன்" என்பாள். பொய் இல்லை. அவர்கள் தொட்ட அந்த நொடியில் அவளுக்கும் அப்படித்தான் தோன்றும்.

கார்டன் என்பவன் ஒரு நாள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். சரி என்றாள். பல வருஷம் கழித்து அதே கார்டன், மினசோட்டாக் குளிர் தன் முட்டிக்கு ஆகவில்லை, அரிசோனாவுக்குப் போகிறேன், பேசாமல் பிரிந்துவிடலாமா என்று கேட்டான். அதற்கும் சரி என்றாள். இரண்டையும் முன்மொழிந்தது அவன், வழிமொழிந்தது அவள்.

ஊரின் திட்டக் குழுவில் சேரச் சொல்லி மேயர் கேட்டபோதும் இதே கதைதான். யார் எங்கே கொட்டகை போடலாம், வேலி எவ்வளவு உயரம், எந்த மனையில் கடை, எந்த மனையில் வீடு என்று முடிவு செய்கிற குழு அது. ஓர் உறுப்பினர் ஒன்றை முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லை என்றால் வாக்கெடுப்பே கிடையாது, சொன்னது சொன்ன இடத்திலேயே விழுந்துவிடும்.

எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் முதலில் கை நீட்ட மாட்டார்கள். இரண்டாவதாக நீட்டவும் கூச்சம். ஆர்டிஸ் உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே யாரோ ஒரு கார் கொட்டகைக்கு அனுமதி தரலாம் என்று முன்மொழிந்தார்கள். அதன் பிறகு ஒரு மௌனம் வந்தது. கொடுமையான மௌனம். தாங்க முடியாமல் ஆர்டிஸ் "வழிமொழியறேன்" என்றாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அன்றோடு அந்தச் சொல் அவளுக்குப் பட்டா ஆகிவிட்டது. மற்றவர்களும் அதைச் சொல்லலாம் என்பதே மறந்துபோனது. யாராவது ஒன்றை முன்மொழிந்தால், தலைவர் ஆர்வில் ஸ்டாங் அவள் வாய் திறப்பதற்கு முன்பே பேனாவால் அவள் பக்கம் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஒரு முறை அவள் கழிப்பறைக்குப் போயிருந்தாள். குழு முழுவதும் காத்திருந்தது. நடைவழியில் கையைத் துடைத்துக்கொண்டே "வழிமொழியறேன்" என்று குரல் கொடுத்தாள். எதை என்று உள்ளே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவருக்குச் சொந்தக் கருத்து உண்டா என்று கேட்டால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. ஆர்டிஸைக் கேட்டால், இருக்கிறது, ஆனால் இன்னும் என் முறை வரவில்லை என்றிருப்பாள். முறை வருவதற்கு வரிசை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவள் மார்லிஸ் டுஃபோ.

மார்லிஸ் ஊருக்கே முடி வெட்டியவள். கடை கீழே, வீடு மேலே. கட்டடத்துக்காரர் ஒரே கையெழுத்தில் இரண்டையும் விற்றுவிட்டுப் புளோரிடாவுக்குப் போனார். வேறிடத்து வாடகை அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கொஞ்ச நாள் காரில் தூங்கினாள். பிறகு அந்தக் காரையும் விற்றுவிட்டு லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அவளைப் போல வீடில்லாத இன்னும் பத்துப் பதினைந்து பேருக்கு மடக்குக் கட்டில் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமைகளில் அங்கே சாப்பாடு பரிமாற ஆர்டிஸ் போவாள். மாட்டிறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்ட பெரிய தட்டோடு போவாள். பரிமாறி முடிந்ததும் இரண்டு பேரும் சீட்டாட உட்காருவார்கள். மார்லிஸ்தான் ஜெயிப்பாள். ஜெயித்துவிட்டு அவள் பேசுகிற பேச்சுக்காகவே ஆர்டிஸ் அடுத்த வாரமும் தோற்கப் போவாள். கார்டன் போன பிறகு அவளிடம் யாரும் அப்படிச் சண்டைக்கு வந்ததில்லை. உண்மையில் கார்டனும் வந்ததில்லை.

நவம்பர் தொடக்கத்தில் தீயணைப்பு ஆய்வாளர் வந்து பார்த்தார். நிலவறைக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான். மிக மரியாதையாக, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, இரண்டு கப் காபி குடித்துவிட்டு, மாதக் கடைசியோடு இங்கே யாரும் தூங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவாலயத்தாரும் சும்மா இருக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பூட்டிக் கிடந்த, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஸ்டார்லைட் பவுலிங் கூடத்தை வாங்கி வைத்திருந்தார்கள். பந்து உருண்ட தடங்களில் கட்டில்கள், பழைய சமையலறையில் சாப்பாடு, ஆட வருகிறவர்களுக்கு வாடகைக் காலணி கொடுத்த இடத்தில் குளியலறைகள், பக்கத்தில் நர்ஸுக்கு ஓர் அறை, வேலை தேடித் தர ஒரு மேசை, மூலையில் முடி வெட்ட ஒரு நாற்காலி. தண்ணீரும் வெப்பமும்கூடத் தயார். ஒரே ஒரு தடங்கல். அந்த மனை வணிக மண்டலத்தில் இருந்தது. விதிப்படி அங்கே பந்து உருட்டலாம், பீர் குடிக்கலாம், வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளலாம். தூங்கத்தான் கூடாது. அதற்குத் திட்டக் குழு தனி அனுமதி தர வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை சீட்டாடிக்கொண்டே மார்லிஸ் சொன்னாள்: "கிடைக்கலன்னா நான் டுலூத்துக்குப் போறேன். தங்கச்சி மகன் வீட்டு சோபா காலியா இருக்காம்."

"அவன் வீடு பூரா பூனையாச்சே. உனக்குத்தான் பூனை ஆகாதே."

"ஆகாதுதான். தும்மித் தும்மியே செத்துப்போவேன். வந்து மாலை வை."

டுலூத் பக்கத்தில் இல்லை. பனிக்காலத்தில் இன்னும் தூரம்.

"கிடைச்சிடும்" என்றாள் ஆர்டிஸ். "யாராவது அனுமதி தரலாம்னு முன்மொழிவாங்க. நான் உடனே வழிமொழிவேன்."

"யாரு முன்மொழிவா? ஆர்வில் தலைவரு, அவரு முன்மொழியக் கூடாது. கர்டிஸ் வான்கோழிப் பண்ணையைத் தவிர வேற எங்கயும் வாயைத் திறக்கறதில்ல. இன்னொருத்தர் மான் வேட்டைக்குப் போயிட்டாரு. மிச்சம் பைரன் ஹெக்ட். அவன் வேணாம்னுதான் முன்மொழிவான். நீ அதையும் வழிமொழிவ."

"மாட்டேன்!"

"அடியே, உனக்கே தெரியாம வந்துடும்டி. தும்மல் மாதிரி. வந்தப்புறம்தான் 'ஐயோ'ன்னு வாயைப் பொத்துவ."

ஆர்டிஸ் மறுத்துப் பேச வாயைத் திறந்தாள். மார்லிஸ் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஜெயிச்சாச்சு. ஒத்துக்கறியா?" என்றாள்.

"ஒத்துக்கறேன்" என்றாள் ஆர்டிஸ். சொன்ன பிறகுதான் அந்தச் சீட்டுகளை அவள் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. மார்லிஸ் ஜெயித்திருக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள் மார்லிஸ்.

கூட்டத்தன்று நகர மன்றத்தில் நாற்காலி போதவில்லை. வேலி உயரம் பேசுகிற கூட்டங்களுக்கு வராத ஜனம் எல்லாம் அன்றைக்கு வந்திருந்தது. கனமான கோட்டுகளை மடியில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வானம் பனி கொட்டலாமா வேண்டாமா என்று எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே யோசித்துக்கொண்டிருந்தது.

குழுவினர் மேசையில் ஆர்வில்லின் மனைவி சுட்டனுப்பிய எலுமிச்சை கேக் தட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு துண்டு மிச்சம். ஓரத் துண்டு, பெரியது.

கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்று ஆசை வந்தால் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. ஒரு பொருளை முடிவே இல்லாமல் பாதியாக்கிக்கொண்டே போகலாம் என்று பழைய காலத்துத் தத்துவக்காரர்கள் வாதாடினார்களாம்; அவர்களுக்குச் சாட்சி வேண்டுமென்றால் எங்கள் தேவாலயச் சமையலறைக்கு வந்திருக்கலாம். நகக்கண் அளவு மிஞ்சிய கேக், இறுகிக் காய்ந்து, தட்டோடு வீடு திரும்பும். இதுவரை யாரும் முழுத் துண்டை எடுத்ததாகப் பேச்சு இல்லை. அன்று பதற்றத்தில் கத்தியைத் தேடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. துண்டு முழுசாகக் கிடந்தது.

பொதுமக்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். எல்லோரும் "நான் எதிர்க்கல, ஆனா" என்றே ஆரம்பித்தார்கள்.

"நான் எதிர்க்கல, ஆனா வீட்டு விலை என்ன ஆகும்?"

"நான் எதிர்க்கல, ஆனா அந்தப் பக்கம் வாத்துங்க நிறைய. அதுங்களும் பயப்படும்."

"நான் எதிர்க்கல, ஆனா போக்குவரத்து. ஏற்கெனவே அந்தச் சந்திப்புல நாலு பக்கமும் வண்டி நின்னு, நீங்க போங்க, நீங்க போங்கன்னு கை காட்டிக்கிட்டு நேரம் போகுது."

மார்லிஸ் எழுந்தாள். நல்ல ஸ்வெட்டர் போட்டு, தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"போக்குவரத்துக்கு நான் பதில் சொல்றேன். எங்ககிட்ட காரே இல்ல. பிரச்சினையே அதானே."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"இந்த அறையில பாதித் தலை என் கைக்கு வந்த தலை" என்றாள் மார்லிஸ். "ஷாம்பு போடும்போது நீங்க கண்ணை மூடிக்கிட்டு என்னென்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணையும் வெளிய விடல. அதுக்கு நன்றியா எனக்கு மாலை வேணாம். ஒரு கட்டில் போதும். பைரன், உன் வழுக்கைய மறைக்க நான் எவ்வளவு பாடுபட்டேன்னு மட்டும் சொல்லிக்கறேன்."

"அதை ஏன் இங்க சொல்ற?" என்றார் பைரன், தலையைத் தடவியபடி.

"தெரியற அளவுக்கு ஆகிப்போச்சே, அதான்."

சிரிப்பு இப்போது இருமலுக்குள் அடங்கவில்லை. ஆர்வில் மேசையைத் தட்டினார், மெதுவாக, மேசைக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல.

பேச்சு முடிந்தது. "குழு உறுப்பினர்கள் யாராவது முன்மொழியறீங்களா?" என்றார் ஆர்வில்.

பைரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். காப்பீட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் இல்லை. "எனக்கு அந்த ஜனங்க மேல கோபம் இல்ல" என்றார். "ஆனா ஸ்டார்லைட் பவுலிங் ஆடற இடம். நான் என் வாழ்நாள்லயே நல்லா ஆடினது அங்கதான். நாலாவது தடத்துல. என்னைக்காவது அதை யாராவது திரும்பத் திறப்பாங்கன்னு இருக்கேன். அதனால, விண்ணப்பத்தை மறுக்கணும்னு முன்மொழியறேன்."

ஆர்வில் பழக்கதோஷத்தில் பேனாவை ஆர்டிஸ் பக்கம் நீட்டினார். கர்டிஸ் அவளைப் பார்த்தார். எழுத்தர் அவள் பெயரை எழுதவே தொடங்கிவிட்டார். அறை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது.

ஆர்டிஸுக்குத் தொண்டைக்குள் அது கிளம்புவது தெரிந்தது. மார்லிஸ் சொன்னது சரி. தும்மலேதான். அவளுடைய விருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மௌனம் நீள நீள அது மேலே ஏறியது. உதடு தானாக விரிந்தது. 'வ' என்ற எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எதையாவது வைத்து அடைத்தாக வேண்டும். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆர்டிஸ் கடைசித் துண்டை எடுத்தாள். முழுசாக. அப்படியே வாயில் திணித்துக்கொண்டாள்.

அறை அதிர்ந்தது. வீடில்லாதவர்கள், வீட்டு விலை, வாத்துகள் எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோயின.

"கடைசித் துண்டு!" என்றாள் ஒருத்தி.

"பாதிகூட வெட்டலையே!"

மார்லிஸ் தன் ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆர்டிஸ்?" என்றார் ஆர்வில். "தீர்மானத்தை...?"

ஆர்டிஸ் வாயைச் சுட்டிக் காட்டினாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. சாப்பிடுகிறவரை அவசரப்படுத்துவது எங்கள் ஊரில் கடைசித் துண்டை எடுப்பதற்கு அடுத்த குற்றம். பைரனே, "பரவால்ல, மெதுவா சாப்பிடு ஆர்டிஸ். எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார்.

ஆர்டிஸ் மெதுவாகவே சாப்பிட்டாள். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. அடிப்பாகம் கொஞ்சம் ஈரம். ஓரத் துண்டு இவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. தெரிந்துகொள்ள எங்கே விட்டார்கள்? எப்போதும் பாதியின் பாதிதானே. மெல்ல மெல்ல அவளுக்குள் ஏதோ லேசாகிக்கொண்டே வந்தது. சிரிப்பு வேறு வந்தது. கேக்கோடு சிரித்தால் மூச்சடைக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"வேற யாராவது வழிமொழியறீங்களா?" என்று ஆர்வில் கேட்டார். பைரனைத் தவிர மிச்சம் கர்டிஸ்தான். கர்டிஸ் கூரை விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆர்வில் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். "வழிமொழிய ஆள் இல்லாததால தீர்மானம் விழுந்தது."

"அவதான் இன்னும் மென்னுக்கிட்டு இருக்காளே!" என்றார் பைரன்.

ஆர்டிஸ் விழுங்கினாள். "இல்ல பைரன். முடிச்சிட்டேன்" என்றாள்.

பிறகு மறுபடி அதே மௌனம். ஆனால் இந்த முறை அவளுக்கு அது உறைக்கவில்லை. ஆர்வில் தாள்களை அடுக்கத் தொடங்கினார். "வேற முன்மொழிவு இல்லன்னா, இதை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கறதுதான்..."

அடுத்த மாதம் நிலவறை பூட்டியிருக்கும். ஆர்டிஸ் கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் மார்லிஸ் மூக்கைச் சுருக்கி, சத்தமே இல்லாமல் ஒரு தும்மல் தும்மிக் காட்டினாள். பூனைத் தும்மல்.

"நான் முன்மொழியறேன்" என்றாள் ஆர்டிஸ்.

ஆர்வில்லின் பேனா கீழே விழுந்தது. "எதை?"

"அனுமதி தரணும்னு. ஸ்டார்லைட்டுக்கு. கட்டில், குளியலறை, நர்ஸ், முடி வெட்டற நாற்காலி, எல்லாத்துக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு அது வேணும்."

சொல்லிவிட்டு அவளே திரும்பிப் பார்த்தாள், யார் சொன்னது என்பதுபோல.

"சரி" என்றார் ஆர்வில். பழையபடி பேனாவால் அவளைக் காட்டினார். "வழிமொழியறது ஆர்டிஸ்."

"முன்மொழிஞ்சதே நான்தானே!"

"ஆமா, ஆமா. அப்ப வழிமொழியறது..." ஆர்வில் குழம்பிப்போய் மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வழிமொழிகிறவள் முன்மொழிந்துவிட்டாள். வழிமொழிய யாரும் மிச்சமில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று விதிப்புத்தகம் எழுதியவர்களுக்கே தோன்றியிருக்காது.

வான்கோழிகளோடு பேசிப் பேசி மனிதர்களிடம் பேச்சுக் குறைந்துபோன கர்டிஸ், பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார்.

"அதை நான் சொல்லலாமா?" என்றார்.

"எதை, கர்டிஸ்?"

"அதான். ஆர்டிஸ் எப்பவும் சொல்றது. எனக்கும் அதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. அது அவளோடதுன்னு நினைச்சு விட்டுட்டேன்."

"தாராளமா சொல்லு, கர்டிஸ்" என்றாள் ஆர்டிஸ்.

"வழிமொழியறேன்" என்றார் கர்டிஸ். காது வரை சிவந்துபோனார். கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

வாக்கெடுப்பில் ஆர்டிஸ் ஆம் என்றாள். கர்டிஸ், ருசி கண்டவராக, தேவைக்கு மேலே சத்தமாக ஆம் என்றார். பைரன் இல்லை என்றார். ஆர்வில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, காலித் தட்டைப் பார்த்தார். வீட்டில் மனைவியிடம், இத்தனை காலத்தில் முதல் தடவையாகத் தட்டு சுத்தமாகத் திரும்பியிருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த நினைப்பிலோ என்னவோ சிரித்துக்கொண்டே, "ஆம்" என்றார்.

அனுமதி கிடைத்தது. ஆளாளுக்கு எழுந்து கோட்டு போட்டுக்கொண்டு, கிளம்புகிறோம் கிளம்புகிறோம் என்று சொல்லியபடி வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வானமும் ஒரு முடிவுக்கு வந்து பனியைக் கொட்டத் தொடங்கியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பைரன் மார்லிஸிடம் வந்தார்.

"அந்த நாற்காலி" என்றார். "வெளி ஆளுங்களுக்கும் வெட்டுவியா?"

"தலையில மிச்சம் இருந்தா வெட்டுவேன்."

"நாலாவது தடத்துப் பக்கம் போட முடியுமா?"

மார்லிஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள். "உனக்காக இல்ல" என்றாள். "அங்க வெளிச்சம் நல்லாருக்கும். அதனால போடறேன்."

ஆர்டிஸ் வாசலுக்கு வந்தபோது மார்லிஸ் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "ஏன்டி, கேக்கைத் திங்கறதுக்கா உன்னைக் குழுவுல போட்டாங்க?"

"தும்மல் வந்துச்சு."

"வியாழக்கிழமை ஆட்டம் உண்டா?"

"உனக்கு எப்படி வச..." என்று ஆரம்பித்த ஆர்டிஸ் வாயை மூடினாள். திறந்தாள். "உண்டு. இனிமே சீட்டைக் காட்டாம ஜெயிச்சேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

"ஐயையோ," என்றாள் மார்லிஸ், "கெட்டுப்போயிட்டா."

அந்த வாரக் கடைசியிலேயே கட்டில்கள் ஸ்டார்லைட்டுக்குப் போயின. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச்சு வந்தது. வெள்ளை என்றார் போதகர். வெள்ளையில் எந்த வெள்ளை என்று அட்டைகள் கைமாறின. இரண்டுமே நல்லாத்தான் இருக்கு என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆர்டிஸ் கடையிலிருந்து தானே கலந்து தூக்கி வந்த வாளிகளின் மூடியைத் திறந்தாள்.

"மஞ்சள்" என்றாள்.

நிறம் ஒன்றும் பிரமாதம் இல்லை. எலுமிச்சை கேக்கின் நிறம் என்கிறாள் அவள். காலைக் கண்ணுக்குக் கடுகுக் குழம்பைக் கொட்டியதுபோல இருக்கிறது என்கிறாள் நாலாவது தடத்தில் நின்று முடி வெட்டும் மார்லிஸ். பைரன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை ஆமோதிக்கிறார். இன்றுவரை ஊரில் ஒருவர்கூட அந்த நிறத்தை வழிமொழியவில்லை. சுவர் மஞ்சளாகத்தான் இருக்கிறது.